கம்பிக்குப் பின்னும் சாதியா?

நான் நாடகம் எழுதுபவன். யாருக்கு எந்த வேடம் என்று முடிவு செய்யும்போது குரலைப் பார்ப்பேன், நடிப்பைப் பார்ப்பேன். எந்தத் தெருவில் பிறந்தாய் என்று எவரையும் கேட்டதில்லை. ஆனால், அதைக் கேட்டே வேடம் பங்கிட்ட மேடையொன்று இந்நாட்டில் இருந்தது. அதன் பெயர் சிறைச்சாலை!

நீதிமன்றம் தண்டனையைச் சொல்லும். எந்தக் கொட்டடி, என்ன வேலை என்பதைச் சிறை அதிகாரிகள் சொல்வார்கள். 1894ஆம் ஆண்டுச் சிறைச்சட்டம், ஆண்களையும் பெண்களையும் பிரித்து வை என்றது. தண்டனை பெற்றோரையும் பெறாதோரையும் பிரித்து வை என்றது. அறிவுக்கு ஒத்த பிரிவினை, மறுக்கவில்லை.

1929இல் லாகூர் சிறையில் ஜதீந்திரநாத் தாஸ் 63 நாட்கள் உண்ணாதிருந்து உயிர் நீத்தார். கைதிகளை மனிதராக நடத்து என்று கேட்ட உயிர் அது! மறு ஆண்டு வெள்ளை அரசு ஏ, பி, சி என மூன்று வகுப்புகளை வகுத்தது. சமூக அந்தஸ்து, கல்வி, வாழ்க்கைப் பழக்கம் ஆகியவை மேல் வகுப்புக்கு அளவுகோலாயின. கட்டிலில் படுத்துப் பழகியவனுக்குக் கட்டில். கட்டாந்தரையில் கிடந்தவனுக்குக் கட்டாந்தரை! கல்லூரியைப் பாதியில் விட்டு வந்தவன் நான். அந்தத் தராசில் என் எடை என்னவோ!

வெள்ளையன் போனான், அவன் விட்டுச்சென்ற விதிகள் போயினவா? உத்தரப்பிரதேசக் கையேடு, வெறுங்காவல் கைதிக்கு இழிந்த வேலை தராதே என்றது. அவ்வேலை செய்து பழகிய சமூகத்தவனாயின் தரலாம் என்றது! மேற்கு வங்கக் கையேடு, சமைக்கத் 'தகுந்த சாதி'யைத் தேடியது. துப்புரவுக்கு இன்ன சாதி என்று பெயரே குறித்தது. திருடினால் ஒரே சட்டம். துடைப்பம் எடுக்க மட்டும் தனிச் சட்டமா?

பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில், 2024 அக்டோபர் 3 அன்று உச்சநீதிமன்றம் அந்த விதிகள் செல்லாவென்று தீர்ப்பளித்தது. கைதிகளின் பதிவேட்டிலிருந்து சாதிக்கான கட்டத்தையே நீக்கு என்று ஆணையிட்டது.

அத்தீர்ப்பில் நம் பாளையங்கோட்டைச் சிறையும் பேசப்படுகிறது, தோழர்களே! சாதிவாரியாகத் தனித்தனிப் பகுதிகள்! மோதலைத் தவிர்க்கவாம்! சுவர் எழுப்பினால் பகை சாகுமா? சுவரின் இருபுறமும் செழித்து வளரும்!

குற்றத்தைப் பார், வயதைப் பார், உடல்நலத்தைப் பார், திருந்தும் வழியைப் பார். பிறப்பைப் பாராதே! இதுவே நாம் கேட்பது.

சிறைகளை முறையாகப் பார்வையிடும் பொறுப்பை மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கும் பார்வையாளர் குழுவுக்கும் அத்தீர்ப்பு தந்திருக்கிறது. உங்கள் மாவட்டத்தில் அவர்கள் சென்றார்களா, கண்டதென்ன என்று கேளுங்கள். ஏட்டிலிருந்து அழிந்த கட்டம், கொட்டடியிலிருந்தும் அழிந்ததா என்று கேளுங்கள். குற்றவாளிக்காகவா கேட்பது என்று சிலர் நகைப்பார்கள். தண்டனை குற்றத்துக்கு மட்டுமே. பிறப்புக்கு அல்ல என்று அவர்களுக்கு விடை சொல்லுங்கள்!