மனச்சோர்வும் மூளைச் சிகிச்சையும்



ஊணும் உறக்கமுமின்றி, வாழ்வையே வெறுத்திருப்போரிடம் "மனத்தைத் திடப்படுத்து" என்று நாம் உபதேசிக்கின்றோம். கால் முறிந்தவனை ஓடச் சொல்வதும் அதுவும் ஒன்றே.

2005ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்றில், கனடாவின் ரொறன்ரோ நகரிலே, எம்மருந்துக்கும் தீராத மனச்சோர்வுற்ற அறுவரின் மூளையினுள் ஹெலன் மேபேர்க் முதலிய வைத்தியர்கள் நுண்ணிய மின்கம்பிகளைப் பதித்து, இடையறாது மின்தூண்டல் அளித்தனர். ஆறு மாதங்களின் பின் நால்வர் பெரிதும் தேறியிருந்தனர். ஆயினும், 2017இல் வெளிவந்த பெரிய ஆய்வொன்றில் அத்தகைய பயன் நிறுவப்படவில்லை, ஆராய்ச்சி தொடர்கின்றது. மண்டையோட்டைத் திறவாது காந்தத்தால் மூளையைத் தூண்டும் முறையோ 2008இலேயே அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றுவிட்டது.

ஆதலின், இது நோயேயன்றிக் கோழைத்தனமன்று. நம்மிடையே சோர்ந்திருப்போரைப் பழியாது, தாமதியாது, வைத்தியரிடம் கைப்பிடித்து அழைத்துச் செல்வோமாக!