ஆறாம் படிவத்தில் முதல் தவணையே முக்கியம்
(பொன்விழாக் கல்விக் கூட்டத்தில், லோபாக்கில் ஆற்றிய உரை)



தோட்டங்களில் பால் வெட்டியவர்களும் அவர்களுக்கு அரிசி பருப்பு விற்றவர்களும் பெற்ற பிள்ளைகள் நாம். நம்மில் மூத்தவர்கள் எச்.எஸ்.சி. என்று சொன்ன தேர்வே 1982 முதல் எஸ்.டி.பி.எம். ஆனது. பெயர் மாறியது நமக்குத் தெரியும். தேர்வு நடக்கும் முறையும் மாறிவிட்டதை நம் குடும்பங்களில் பலர் இன்னும் உணரவில்லை.

எஸ்.பி.எம். முடிவு வந்ததும் எல்லோரும் கேட்பது மெட்ரிகுலேஷன். கோலா பிலாவிலேயே ஒரு மெட்ரிகுலேஷன் கல்லூரி இருக்கிறது. ஆனால் 2003 முதல் பூமிபுத்ரா அல்லாதவர்களுக்கு ஒதுக்கப்பட்டது 10 விழுக்காடு இடம்தான். 10ஏ பெற்றால் இனம் பாராமல் இடம் உண்டு என்று 2024இல் அரசு அறிவித்தது நல்ல செய்தி. ஏழு ஏ, எட்டு ஏ எடுத்த பிள்ளை என்ன செய்வது? இடம் கிடைக்காவிட்டால் வீடே துக்க வீடாகிறது. உடனே கடன் வாங்கித் தனியார் கல்லூரிக்குப் பணம் கட்டுகிறோம்.

ஆறாம் படிவத்தை ஏன் கடைசியில் நினைக்கிறோம்? அரசுப் பள்ளி, செலவு குறைவு. உள்நாட்டு அரசாங்கப் பல்கலைக்கழகங்கள் மட்டுமின்றி பிரிட்டன், ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்களும் அந்தச் சான்றிதழை ஏற்கின்றன. தமிழை ஒரு பாடமாக எடுக்கலாம். உசுலுத்தீன், ஷரீஆ பாடங்களும் உண்டு.

'அது கஷ்டம்' என்பார்கள். கஷ்டந்தான். ஆனால் 2012 முதல் அந்தக் கஷ்டம் மூன்று தவணைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒன்றரை ஆண்டும் படித்துவிட்டுக் கடைசியில் ஒரே தேர்வு என்ற நிலை இல்லை. ஒவ்வொரு தவணை முடிவிலும் தேர்வு. முதல் இரண்டு தவணைகளில் சறுக்கினால், அந்தத் தாள்களை மறுபடி எழுதலாம். பெரும்பாலான பாடங்களில் 20 விழுக்காடு மதிப்பெண் பள்ளியில் செய்யும் இடுபணிக்கும் செய்முறைக்கும் உரியது. தேர்வுக் கூடத்தில் பதறும் பிள்ளைக்கு இது பெரிய துணை.

இனி பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கு வருவோம். தகுதி மதிப்பெண் நூற்றில் 90 படிப்புக்கு, 10 புறப்பாட நடவடிக்கைக்கு. சராசரிப் புள்ளி 4.00க்கு 3.50 என்றால் படிப்புக்கு 78.75. புறப்பாடத்தில் எட்டு வாங்கினால் மொத்தம் 86.75. சராசரி 3.00 ஆனால் படிப்புக்கு 67.5தான். இந்த வித்தியாசம் பிள்ளை விரும்பிய துறையையே தட்டிப் பறித்துவிடும். சில இடுபணி மதிப்பெண்களில் ஒரு பாடத்தின் தரம் ஏறவும் இறங்கவும் கூடும். இதோடு முயெட் ஆங்கிலத் தேர்வும் வேண்டும். சில துறைகளுக்கு நேர்முகத் தேர்வும் உண்டு.

ஆகவே பெற்றோர்களுக்கு மூன்று வேண்டுகோள்.

முதலாவது, 'முதல் தவணைதானே' என்று விட்டுவிடாதீர்கள். மறுபடி எழுதலாம் என்பது உண்மைதான். ஆனால் பழைய பாடத்தையும் புதிய பாடத்தையும் சேர்த்துச் சுமக்கப்போவது பிள்ளை.

இரண்டாவது, இடுபணி ஒப்படைக்கும் வாரத்தில் கடையில் ஆள் இல்லை என்று பிள்ளையைக் கல்லாவில் உட்கார வைக்காதீர்கள். அன்றைய வியாபாரத்தை மறுநாள் பிடித்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, இடுபணியைப் பிறரிடம் காசு கொடுத்து எழுதி வாங்காதீர்கள். அது அமானிதம். செய்த வேலையைத் தானே எடுத்துச் சொல்லும்படி கேட்கும் பாடங்களும் உண்டு. எழுதாத பிள்ளை அங்கே என்ன பேசும்?

மாணவர்களே, புறப்பாடத்தின் பத்து மதிப்பெண்ணைக் கடைசி மாதத்தில் தேட முடியாது. சேர்ந்த வாரத்திலேயே ஒரு கழகத்தில் பெயர் கொடுங்கள். பொறுப்பு வந்தால் ஒதுங்காதீர்கள்.

சங்கத்தின் கடமையும் இருக்கிறது. எஸ்.பி.எம். முடிவு வரும் வாரத்தில், முன்பே ஆறாம் படிவம் முடித்த நம் அண்ணன் அக்காமார்களை மண்டபத்தில் உட்கார வைப்போம். விண்ணப்பப் படிவம் தெரியாத ஒரு வீடும் தனியாகத் தவிக்கக்கூடாது. உபகாரச் சம்பளம் தருவது போலவே வழி சொல்வதும் தருமந்தான்.

நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும் பொறுமையையும் அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.