செட் போடும் கைகள்



புத்தூர் என்றால் பலருக்கும் எலும்புக் கட்டுதான் நினைவுக்கு வரும். மூங்கில் பத்தை, முட்டையின் வெள்ளைக்கரு, பச்சிலை, துணி. பொருள் இவ்வளவுதான். மீதி எல்லாம் கைப்பழக்கம். சினிமாவுக்குச் செட் போடுவதும் இப்படிப்பட்ட தொழில்தான். மரச்சட்டம், பலகை, துணி, சாயம். இவற்றை வைத்தே ஒரு ஊரை எழுப்பிவிடுவார்கள்.

'மாயாபஜார்' படம் 1957-ல் வந்தது. தெலுங்கு, தமிழ் இரண்டிலும் எடுத்தார்கள். அதில் துவாரகை நகரம் வரும். அந்த நகரம் எங்கே இருந்தது? சென்னை வடபழனியில், வாகினி ஸ்டுடியோவுக்குள் இருந்தது. 60 அடிக்கு 50 அடி இடம். அதில் சுமார் 300 சின்னஞ்சிறு வீடுகள். ஒவ்வொரு வீட்டுக்கும் மின்விளக்கு. கலை இயக்குநர்கள் கோகலேயும் கலாதரும் அதை உருவாக்கினார்கள். மார்க்கஸ் பார்ட்லி படம் பிடித்தார். திரையில் அது பெரிய நகரமாகத் தெரிந்தது.

செட் எப்படி உருவாகிறது? முதலில் கலை இயக்குநர் படம் வரைவார். அதில் அடி, அங்குலக் கணக்கு இருக்கும். தச்சர் சட்டம் அடித்து, அதன்மேல் பிளைவுட் பதிப்பார். அதுதான் சுவர். பின்பக்கம் மரத்தால் முட்டுக் கொடுப்பார். தூணும் சிலையும் வேண்டும் என்றால், முதலில் களிமண்ணில் உருவம் செய்வார்கள். அதிலிருந்து அச்சு எடுப்பார்கள். தேங்காய் நாரும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கலவையும் சேர்த்து வார்ப்பார்கள். கடைசியில் பெயின்டர் வருவார். புதுச் சுவரைப் பழைய சுவராக்குவது அவர் வேலை. புகைக்கறை, மழைநீர் வழிந்த தடம், கை பட்ட அழுக்கு எல்லாம் அவர் தூரிகையில் வரும்.

'நாயகன்' படம் 1987-ல் வந்தது. அதற்காகக் கலை இயக்குநர் தோட்டா தரணி, பம்பாயின் தாராவிக் குடிசைப் பகுதியைச் சென்னை வீனஸ் ஸ்டுடியோவில் எழுப்பினார். அந்த வேலைக்குத் தேசிய விருது கிடைத்தது.

சாமான்களிலும் கவனம் வேண்டும். 1940-ஆம் ஆண்டில் நடக்கும் கதையில் பிளாஸ்டிக் குடம் இருக்கலாமா? கூடாது. பித்தளைக் குடத்தைத் தேடிப் பிடித்து வைக்க வேண்டும்.

செட்டின் சுவர் பொய்தான். ஆனால் தீ பொய் இல்லை. மேலே தொங்கும் பாரமும் பொய் இல்லை.

1989 பிப்ரவரி 8 அன்று மைசூரில் ஒரு ஸ்டுடியோவில் தீப்பிடித்தது. 'திப்பு சுல்தானின் வாள்' என்ற தொலைக்காட்சித் தொடருக்கான செட் அது. சுமார் 60 பேர் இறந்தார்கள். மின்கம்பிகள் சரியாக இல்லை, காற்றுப் போக்குவரத்து இல்லை என்று காரணம் சொன்னார்கள். 2020 பிப்ரவரி 19 அன்று சென்னை அருகே 'இந்தியன் 2' படப்பிடிப்பில் கிரேன் சரிந்தது. மூன்று பேர் உயிர் போயிற்று.

பலகை, துணி, தெர்மகோல் எல்லாமே எளிதில் தீப்பிடிப்பவை. பெரிய விளக்குகளின் சூடும் அதிகம். ஆகவே இந்த வேலைக்குப் போகிறவர்கள் முதல் நாளே சிலவற்றைப் பார்க்க வேண்டும்.

வெளியே ஓட இரண்டு வழியாவது இருக்கிறதா?
மணல் வாளியும் தீயணைப்புக் கருவியும் கைக்கு எட்டும் இடத்தில் உள்ளனவா?
வயர்களில் வெட்டு, ஒட்டு இருக்கிறதா?
உயரத்தில் ஏறுபவருக்கு இடுப்பு பெல்ட் உண்டா?
விபத்துக் காப்பீடு உண்டா?

இதைக் கேட்பது தவறு இல்லை. தனியாகக் கேட்கத் தயங்குகிறவர், சங்கத்தில் சேர்ந்து கேட்கலாம். திரைப்படத் தொழிலாளர்களுக்குச் சங்கங்கள் உண்டு.

இன்னொன்று. உளி பிடிக்கத் தெரிந்தால் வேலை கிடைக்கும். வரைபடத்தில் உள்ள எண்ணையும் எழுத்தையும் படிக்கத் தெரிந்தவர், "இந்தச் சுவர் எத்தனை அடி?" என்று பிறரைக் கேட்டு நிற்க வேண்டியது இல்லை. வேலையைத் தானே பிரித்துக் கொடுக்கலாம். கூலிச் சீட்டில் எழுதியிருப்பது சரியா என்றும் பார்க்கலாம். "மின்சாரம், தொடாதே" என்று எழுதிய பலகையையும் படித்து விலகி நிற்கலாம்.

படம் முடிந்ததும் செட்டைப் பிரித்துவிடுவார்கள். அரண்மனை மறுபடியும் பலகையாகிவிடும். அதைக் கட்டியவர் மட்டும் பத்திரமாக வீடு திரும்ப வேண்டும்.