இலையின் வரவு செலவு

காலையிலே கதிரவன் எழுந்ததும் மரத்தின் இலைகள் தம் தொழிலைத் தொடங்குகின்றன. இலையிலுள்ள நுண்ணிய வாய்கள் திறக்கின்றன. காற்றிலுள்ள காபனீரொட்சைட்டு உட்செல்கிறது. நீரும் ஒளியும் துணைசெய்ய, அது வெல்லமும் மாப்பொருளும் ஆகிறது. இரவிலோ அதே இலை சுவாசித்து ஒரு பகுதியைத் திருப்பி வெளிவிடுகிறது. உலகமெங்குமுள்ள இலைகளின் இவ்வரவு செலவைக் கணக்கிட முடியுமா? முடியுமாயின் அதனால் யாது பயன்?

1958ஆம் ஆண்டில் சாள்ஸ் டேவிட் கீலிங் என்னும் அமெரிக்க விஞ்ஞானி ஹவாய்த் தீவின் மோனா லோவா மலையிலே காற்றை அளக்கத் தொடங்கினார். அப்பொழுது பத்து இலட்சம் பங்கு காற்றில் ஏறக்குறைய 315 பங்கு காபனீரொட்சைட்டு இருந்தது. இன்று அது 420 பங்கையும் கடந்துவிட்டது. அவ்வளவைகள் மற்றுமோர் உண்மையையும் காட்டின. வட பாதியுலகிலே மரங்கள் தழைக்கும் கோடையில் அவ்வாயு குறைகிறது. இலையுதிர்ந்தபின் மீண்டும் கூடுகிறது. தாவர உலகம் மூச்சுவிடுவதை ஒரு மலையுச்சியிலிருந்து கண்டது போலாயிற்று.

மனிதர் செயலால் வெளிப்படும் காபனீரொட்சைட்டில் ஏறக்குறையப் பாதியே காற்றில் தங்குகிறது. மீதியைக் கடலும் தாவரங்களும் மண்ணும் ஏற்கின்றன. இச்சுமையை அவை எத்துணைக் காலம் தாங்கும் என்பதே வினா.

இங்கேதான் கணிதம் துணைக்கு வருகிறது. 1980ஆம் ஆண்டில் கிரகாம் பார்கர், சுசான் வொன் கேமரர், ஜோசப் பெரி ஆகிய மூவரும் இலையின் தொழிலைச் சில சமன்பாடுகளில் அடக்கிக் காட்டினர். நெல் குற்றுமிடத்தில் ஒருவர் குற்ற, மற்றொருவர் நெல்லை அள்ளியிடுகிறார் என்று கொள்வோம். இருவருள் எவர் தாமதிக்கிறாரோ அவரே அன்றைய அரிசியின் அளவைத் தீர்மானிப்பவர். இலையிலும் அவ்வாறே. காபனீரொட்சைட்டைப் பற்றும் நொதியத்தின் வேகம் ஒன்று. அதற்குத் தேவையான பொருளை ஒளியின் துணையால் மீண்டும் ஆக்கித்தரும் வேகம் மற்றொன்று. இரண்டிற் குறைந்தது எதுவோ அதுவே வரவு, சுவாசம் செலவு. வெப்பம் மிகுந்தால் இவ்வரவு செலவு எங்ஙனம் மாறும் என்பதையும் அச்சமன்பாடுகளாற் கணிக்கலாம்.

இத்தகைய கணக்குகளைக் காலநிலைக் கணக்குகளோடு இணைத்து, 2000ஆம் ஆண்டில் பிரித்தானியாவின் பீற்றர் கொக்சும் அவர்தம் குழுவினரும் ஒரு முடிவை வெளியிட்டனர். 2050ஆம் ஆண்டளவில் நிலத்துத் தாவரங்களும் மண்ணும் காபனை ஏற்கும் நிலை மாறி, வெளிவிடும் நிலையை அடையக்கூடும் என்பதே அது. 2006ஆம் ஆண்டில் 11 மாதிரிகள் ஒப்பிடப்பட்டன. அளவிலே அவை பெரிதும் வேறுபட்டன. ஆயின், வெப்பம் கூடக்கூட இயற்கையின் ஏற்குந் திறன் குறையும் என்பதில் யாவும் ஒத்திருந்தன.

2021ஆம் ஆண்டில் பிறேசில் நாட்டு விஞ்ஞானி லூசியானா காற்றியும் அவர்தம் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. சிறு விமானங்களிற் சென்று பல்லாண்டு காற்றைச் சேகரித்து அளந்தபோது, அமேசன் காட்டின் தென்கிழக்குப் பகுதி ஏற்பதிலும் மிகுதியாகக் காபனை வெளிவிடுவது புலனாயிற்று. காடழிப்பும் தீயும் வரட்சியும் அங்கே ஒன்றுகூடியிருந்தன.

மாதிரி என்பது சோதிடமன்று. விதி இதுவென்று அது கூறுவதில்லை. இன்னது செய்தால் இன்னது விளையும் என்றே கூறுகிறது. மரத்தை வெட்டினால் என்ன, விட்டால் என்ன, புகையைக் குறைத்தால் என்ன என்ற கேள்விகளுக்கு அது தனித்தனியே விடை தருகிறது. அவற்றுள் எதனைத் தெரிவது என்பது மனிதர் கையிலேயே இருக்கிறது.