கிழித்த காகிதமும் பேசும்



1979ஆம் ஆண்டு நவம்பர் 4ஆந் திகதி, தெஹ்ரானிலிருந்த அமெரிக்கத் தூதரகத்தை ஈரானிய மாணவர் கைப்பற்றினர். அங்கிருந்த இரகசியப் பத்திரங்கள் பல இயந்திரத்தாற் கீலங்கீலமாக வெட்டப்பட்டிருந்தன. ஈரானியரோ அக்கீலங்களைப் பொறுமையுடன் ஒன்றுசேர்த்துப் படித்து, நூல்களாகவும் வெளியிட்டனர்.

வல்லரசொன்றின் காகிதத்துக்கே இக்கதியாயின், இல்லத்துக் குப்பைக்கூடையில் இரண்டாகக் கிழித்தெறியப்படும் காகிதம் எம்மாத்திரம்? இலங்கையின் பழைய அடையாள அட்டை இலக்கத்தில் முதலிரண்டு எண்கள் பிறந்த ஆண்டைக் காட்டும். அடுத்த மூன்றும் அவ்வாண்டின் எத்தனையாம் நாள் என்பதைக் காட்டும். பெண்களாயின் அதனுடன் 500 கூட்டப்பட்டிருக்கும். ஆகவே, அவ்வட்டையின் இருபுறப் பிரதியொன்று கடலை மடிக்குஞ் சுருளாய்ப் போனாலும், பெயர், பிறந்த நாள், முகவரி மூன்றும் அந்நியர் கைப்படும். வங்கிக் கணக்குக் கூற்றும் உடன் கிடைத்தால், வஞ்சகர் பிறர் பெயரிற் கடன்பெறவுந் துணிவர்.

காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ் என்பன என்றும் பேணற்குரியன. தேவை தீர்ந்த பிரதிகளையோ நெடுக்கும் குறுக்குமாகச் சிறு துண்டுகளாக்கி, நீரில் ஊறவைத்துக் கூழாகப் பிசைந்துவிடுதல் நன்று. பிரதியொன்றைப் பிறரிடம் கொடுக்கும்போது, எதன்பொருட்டுக் கொடுக்கப்பட்டதென்பதை அதன் குறுக்கே எழுதுதலும் ஒரு காவலாகும்.

பெட்டகத்தைப் பூட்டுவோர் குப்பைக்கூடையையும் நோக்குதல் வேண்டும்.