தஞ்சையின் வீட்டுமொழியும் ஆங்கிலப் புலமையும்



தஞ்சையில், 1798 பிப்ரவரியில் மறைந்த செருமானியப் போதகர் சுவார்ட்சின் கல்லறைக் கல்லில் ஆங்கிலச் செய்யுள் ஒன்று பொறிக்கப்பட்டுள்ளது. அதனை இயற்றியவர் ஆங்கிலேயர் அல்லர். மராத்தியைத் தாய்மொழியாகக் கொண்ட இரண்டாம் சரபோஜி மன்னர். தம்மைப் பேணி வளர்த்த ஆசானுக்கு மாணவர் பாடிய கையறுநிலை அது. 1826இல் தஞ்சைக்கு வந்த பேராயர் ஹீபர், இம்மன்னர் லின்னேயசையும் பூபோனையும் தடையின்றி எடுத்துரைத்ததையும் சேக்சுபியரின் கவிநயத்தை மதிப்பிட்ட திறத்தையும் பாராட்டி எழுதினார்.

வீட்டிலும் ஆங்கிலமே பேசினாலன்றிப் பிள்ளைக்கு அம்மொழி வாராது என்னும் எண்ணம் இன்று காவிரிக் கரைச் சிற்றூர்களிலும் வேரூன்றி வருகிறது. தஞ்சையின் வரலாறோ வேறு கூறுகிறது. அரண்மனையில் மராத்தி, இசையரங்கில் தெலுங்கு, சாத்திரத்திற்கு வடமொழி, வீதியிலும் வயலிலும் தமிழ். இத்தனைக்கும் பழகிய செவிக்கு இன்னொரு மொழி சுமையாகவில்லை.

மன்னருக்கு ஆசான்கள் கிடைத்தனர், ஏழைக்கு யார் கிடைப்பார் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். வலங்கைமானில் 1869இல் வறிய புரோகிதக் குடும்பத்தில் பிறந்தவர் சீனிவாச சாஸ்திரியார். வீட்டில் தமிழும் வடமொழியும். ஆங்கிலம் கும்பகோணத்துப் பள்ளியிலும் கல்லூரியிலும் வந்தது. அவருடைய ஆங்கிலப் பேச்சை ஆங்கிலேயரே வியந்தனர். கும்பகோணத்தில் 1828இல் பிறந்த தஞ்சை மராத்தியர் மாதவராவோ, ஆங்கிலத்தில் தேர்ந்து, திருவிதாங்கூர், இந்தூர், பரோடா ஆகிய மூன்று சமஸ்தானங்களிலும் திவானாக விளங்கினார்.

அந்த மராத்தி பின்னர் என்னவாயிற்று? பெரிய கோயில் மதிலில் 1803இல் போன்சலே வமிச வரலாற்றையே கல்லில் எழுதிவைத்த மொழி அது. 1855இல் அரசு போயிற்று. அலுவலகத்தில் ஆங்கிலம் அமர்ந்தது. மராத்தி திண்ணையைக் கடந்து உள்ளே சென்று, கூடத்திலும் அடுக்களையிலும் தங்கிவிட்டது. தமிழ்ச் சொற்களை ஏற்று, தமிழின் ஓசையும் கலந்து, தஞ்சை மராத்தி என்றே தனித்து வழங்குகிறது. பேச்சு பிழைத்தது, எழுத்துத்தான் கைநழுவியது. நாவில் மராத்தி இருந்தும் கையில் தமிழும் ஆங்கிலமுமே எழுதுகின்ற இல்லங்கள் உண்டு. இழப்பு ஆங்கிலம் கற்றதனால் நேர்ந்ததன்று. வீட்டுமொழிக்குப் பள்ளியிலும் அலுவலகத்திலும் இடமில்லாமற் போனதனால் நேர்ந்தது. தமிழுக்கு அவ்விடம் இன்னும் இருக்கிறது.

சரசுவதி மகால் நூலகத்தில் அரண்மனைக் கணக்குகளும் கடிதங்களும் மோடி எழுத்தில் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. அவற்றைப் படிக்க வல்லோர் மிகச் சிலரே. அவற்றுள் ஒரு பகுதியைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் தமிழாக்கி நூலாக்கியது. மோடி அறியாத தஞ்சை மராத்தியர், தம் முன்னோர் எழுதியதை இன்று தமிழில் படிக்கின்றனர்.