பாதர் ரசீன் எழுதிய சிபாரிசுக் கடிதம்

(பெங்களூருவில் நமது சங்க அங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆசிரியர்களைப் பற்றி நாலு வார்த்தை பேசும்படி காரியதரிசி பணித்தார். அறுபதுகளில் இதே ஊரில், கன்டோன்மென்ட் பக்கம் ஒரு கத்தோலிக்க ஹைஸ்கூலில் படித்தவன் நான். எங்கள் கணக்கு வாத்தியார் பள்ளிக்கூடம் விட்ட பிறகும் அரை மணி நேரம் கரும்பலகை அருகே நிற்பார். விடை சரியாக இருந்தாலும், "இதற்கு வேறு வழி உண்டா, யோசித்துப் பார்" என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்து விடுவார். அவர் போட்ட அஸ்திவாரத்தில்தான் பி.எஸ்ஸி. தேறி, சர்க்கார் உத்தியோகத்தில் அமர்ந்தேன். அவரை நினைக்கும்போதெல்லாம், கத்தோலிக்க ஸ்தாபனத்தில் கணிதம் போதித்த இன்னொரு ஆசிரியரும் என் நினைவுக்கு வருவார். அவர் பாதர் சார்லஸ் ரசீன். நான் அவரிடம் படித்தவனல்ல. படித்துத் தெரிந்து கொண்டவன்.

1897ல் பிறந்த இந்தப் பிரெஞ்சுக்காரர் சேசு சபைத் துறவி. எலீ கார்த்தான் என்ற கணித மேதையிடம் பாரிஸில் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் பெற்றவர். 1937ல் இந்தியா வந்து, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியிலும், பிறகு சென்னை லயோலா கல்லூரியிலும் பணியாற்றினார். நம் கல்லூரிகளில் அந்நாளில் பழைய ஆங்கிலேயப் பாடத்திட்டம்தான். பரீட்சையில் வரக்கூடிய கணக்குகளைப் போட்டுப் பழகினால் போதும். பாதர் ரசீனோ, ஐரோப்பாவில் புதிதாக வளர்ந்து வந்த கணிதத்தை மாணவர்களுக்கு அறிமுகம் செய்தார். தேர்ந்தவர்களை பம்பாய் டாடா ஆராய்ச்சி நிலையத்துக்குப் போகும்படி தூண்டினார். அவரிடம் பயின்ற சி.எஸ். சேஷாத்ரியும் எம்.எஸ். நரசிம்மனும் 1953ல் அங்கே சேர்ந்தார்கள். 1965ல் அவர்கள் வெளியிட்ட தேற்றம் இன்று உலகெங்கும் அவர்கள் இருவர் பெயராலேயே வழங்குகிறது. நரசிம்மன் பிற்காலத்தில் நம் பெங்களூருவில் வசித்து, 2021ல் இங்கேயே காலமானார்.

ஆனால் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது சி.பி. ராமானுஜம் என்ற மாணவரைப் பற்றி. நாம் எல்லோரும் அறிந்த ஸ்ரீநிவாச ராமானுஜன் வேறு, இவர் வேறு. 1938ல் பிறந்தவர். கணிதத்தைப் போலவே சங்கீதத்திலும் ஈடுபாடு; எம்.டி. ராமநாதன் பாட்டு என்றால் உயிர். 1957ல் இவர் டாடா நிலையத்துக்கு விண்ணப்பித்தபோது பாதர் ரசீன் ஒரு சிபாரிசுக் கடிதம் எழுதினார். அதில் அவர் எடுத்துச் சொன்னது இதுதான்: இந்தப் பையனுக்குச் சுயமான சிந்தனை இருக்கிறது, ஆராயும் ஆவல் இருக்கிறது, போதிய வாய்ப்பு கொடுத்தால் நல்ல ஆராய்ச்சியாளனாக வருவான்.

சேர்ந்த உடனே ராமானுஜம் பிரகாசித்துவிடவில்லை. சில வருஷங்கள் ஒன்றும் கைகூடாமல், வேலையை விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தார். பிறகு எண் கணிதத்திலும் வடிவ கணிதத்திலும் அவர் கண்டவை உலக அறிஞர்களின் கவனத்தை ஈர்த்தன. டேவிட் மம்ஃபோர்டு பம்பாயில் நிகழ்த்திய விரிவுரைகள் 1970ல் புகழ் பெற்ற புத்தகமாக வந்தபோது, அதற்குக் குறிப்புகள் தயாரித்துக் கொடுத்து உதவியவர் ராமானுஜம்தான். ஆனால் மனநோய் அவரை விடவில்லை. டாடா நிலையத்தின் பெங்களூரு கிளையில் பணியாற்றி வந்தவர், 1974 அக்டோபரில் தம் 36ஆவது வயதில் இவ்வூரிலேயே மறைந்தார். தம் மாணவரின் முடிவுக்குப் பிறகு இரண்டு ஆண்டுகள் பாதர் ரசீன் உயிரோடு இருந்தார். 1976ல்தான் அவர் காலமானார். அந்தச் செய்தியை அந்த முதியவர் எப்படித் தாங்கினாரோ என்று நினைத்துக் கொள்வேன்.

1974ல் நான் இதே ஊரில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அப்படி ஒருவர் இங்கே இருந்ததே எனக்குத் தெரியாது.

சபையில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் அதிகாரியானபின் வருஷா வருஷம் கீழே வேலை பார்த்தவர்களைப் பற்றி ரகசிய அறிக்கை எழுதி வந்தேன். என்னிடம் ஓர் இளைஞன் இருந்தான். எந்த ஃபைலைக் கொடுத்தாலும், "இதை ஏன் சார் இப்படிச் செய்கிறோம்?" என்று கேட்பான். அவன் கேள்விகளில் விஷயம் இருந்தது எனக்குத் தெரியும். இருந்தும் அவன் அறிக்கையில் "திருப்திகரம்" என்ற ஒற்றை வார்த்தையை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேற்படிப்புக்காக அவன் என்னிடம் ஒரு கடிதம் கேட்டபோதும் அதே தோரணையில் நாலு வரி எழுதிக் கொடுத்தேன். அவனுக்கு இடம் கிடைக்கவில்லை. வேறு காரணமும் இருந்திருக்கலாம். ஆனாலும் அந்த நாலு வரி இன்றும் என்னை உறுத்துகிறது. நோட்டைத் திருப்பிக் கொடுத்த என் வாத்தியாரிடம் நான் கற்றது அவ்வளவுதானா?

நம்மில் பலர் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், அதிகாரிகள். பேரன் பேத்திகள், பக்கத்து வீட்டுக் குழந்தைகள் நம்மிடம் மார்க் ஷீட்டைக் கொண்டு வந்து காட்டுவார்கள். அப்போது அந்தக் குழந்தை என்ன கேள்வி கேட்கிறது என்பதையும் காது கொடுத்துக் கேளுங்கள். நாளை யாருக்காவது சிபாரிசு எழுத நேர்ந்தால், நீங்கள் கண்டதை உள்ளபடி எழுதுங்கள்.